இந்தியாவில் காப்பீடு செய்த கைபேசி சிங்கப்பூரில் உடைந்தால்: முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் வாங்கி, இந்தியாவிலேயே காப்பீடும் எடுத்த கைபேசியோடு சிங்கப்பூருக்குச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரச் சுற்றுலாவோ, மகள் வீட்டில் இரண்டு மாதத் தங்கலோ, அலுவலகம் அனுப்பிய மூன்று மாதப் பணியோ, எதுவானாலும் இது பொருந்தும். வேறு நாட்டுக்குச் செல்பவர்களுக்கும் படிகளின் வரிசை மாறாது. வரி, அலைவரிசை போன்ற உள்ளூர் விவரங்கள் மட்டுமே மாறும்.

என் கைபேசி சிங்கப்பூரில் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தின் நகரும் படிக்கட்டில் விழுந்து திரை நொறுங்கிய பிறகு, இதே நிலையில் சிக்கிய உறவினர்களும் உடன் பணிபுரிபவர்களும் என்னிடம் வழி கேட்டு வந்தார்கள். பணம் கிடைக்காமல் போனவர்களில் பெரும்பாலோர் செய்த பிழை ஒன்றுதான்: முதலில் கடைக்குப் போய்த் திரையை மாற்றிவிட்டு, பிறகு காப்பீட்டாளருக்கு எழுதினார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பழுதுபார்ப்பு மிகவும் பின்னால்தான் வருகிறது.

1. புறப்படும் முன்: கையில் இருப்பது காப்பீடா, பாதுகாப்புத் திட்டமா?

கடையில் "இன்சூரன்ஸ்" என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் காப்பீடு ஆகிவிடாது. ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கொண்ட சான்றிதழ் உங்களிடம் இருந்தால் அது காப்பீடு. கைபேசித் தயாரிப்பாளரோ, கடையோ, இடைநிலை நிறுவனமோ தம் பெயரில் தரும் உடைவுப் பாதுகாப்புத் திட்டம் பெரும்பாலும் ஒரு சேவை ஒப்பந்தம் மட்டுமே. கோரிக்கை மறுக்கப்படும் நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

தயாரிப்பாளரின் வழக்கமான ஓராண்டு உத்தரவாதம் உற்பத்திக் குறைகளுக்கானது; கீழே விழுந்து உடைந்ததை அது ஏற்காது. பயணக் காப்பீட்டையும் நம்பிவிட வேண்டாம். மருத்துவம், கடவுச்சீட்டு இழப்பு, பெட்டி தொலைவது போன்றவற்றுக்காக எடுக்கப்படும் அந்தப் பாலிசிகளில் பல, கைபேசியை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கும் அல்லது சிறிய வரம்புத் தொகையோடு நிறுத்திவிடும்.

ஒப்பந்தம் முழுவதையும் படிக்க நேரமில்லையென்றால் நான்கு இடங்களையாவது படியுங்கள். விபத்து எந்த நாட்டில் நடந்தால் செல்லும் என்பது முதலாவது. "இந்தியாவுக்குள் மட்டும்" என்று இருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் அதைச் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது. 24 அல்லது 48 மணி நேரம் என்ற கெடு பல ஒப்பந்தங்களில் உண்டு. பழுதுபார்ப்பு எங்கே நடக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீங்களே கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை நான்காவது.

விபத்து நடக்கும் இடமும் பழுதுபார்க்கும் இடமும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. உலகில் எங்கு உடைந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தமே, பழுதை மட்டும் இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். ஐயமிருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது பிறகு எங்கும் நிற்காது.

2. தாள்களை உடையக்கூடிய கருவிக்கு வெளியே வையுங்கள்

காப்பீட்டுச் சான்றிதழை அந்தக் கைபேசியிலேயே பிடிஎஃப் கோப்பாக வைத்திருப்பது, பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதைப் போன்றது. வாங்கிய ரசீது, காப்பீட்டுச் சான்றிதழ், கைபேசிப் பெட்டியின் பின்புறத்தில் ஐஎம்இஐ எண் (கருவியின் தனி அடையாள எண்) அச்சிடப்பட்ட பகுதியின் படம், நல்ல நிலையில் உள்ள கைபேசியின் முன்பக்கப் பின்பக்கப் படங்கள் ஆகியவற்றை ஊரில் இருக்கும் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். சான்றிதழையும் ரசீதையும் அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஎம்இஐ எண்ணை *#06# என்று அழுத்திப் பார்த்து, ரசீதிலும் சான்றிதழிலும் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு சிம் கொண்ட கருவிக்கு இரண்டு எண்கள் இருக்கும். ரசீதில் ஒன்றும் சான்றிதழில் மற்றொன்றும் இருப்பது தவறல்ல. ஆனால் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் அதை இப்போதே திருத்தச் சொல்லுங்கள். திரை உடைந்த பிறகு *#06# உதவாது. உடைந்தது காப்பீடு செய்த அதே கருவிதான் என்று காட்டுவதற்குத் தாளில் உள்ள எண்ணைத் தவிர வேறெதுவும் அப்போது எளிதில் கிடைக்காது.

3. எண்ணையும் பணத்தையும் கருவியிலிருந்து பிரித்து வையுங்கள்

கைபேசி உடையும்போது முதலில் நின்றுபோவது பேச்சு அல்ல, ஓடிபி. வங்கி, மின்னஞ்சல், காப்பீட்டாளரின் வலைத்தளம் ஆகிய மூன்றும் அதே எண்ணுக்குத்தான் அதை அனுப்புகின்றன. எனவே இந்திய எண்ணில் வெளிநாட்டு ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள்; வெளியே போன பிறகு இயக்குவதற்கும் ஓர் ஓடிபி கேட்கப்படலாம்.

கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள், அது தரும் எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கி மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்புமா என்று கேட்டு, அனுப்பும் என்றால் அதைப் பதிந்துவையுங்கள். பணத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் கொஞ்சம் சிங்கப்பூர் வெள்ளியும் (அந்நாட்டு டாலர்) போதும். இந்தியாவின் யூபிஐ, சிங்கப்பூரின் பேநவ் என்ற பணப் பரிமாற்ற வசதியோடு 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதுவும் அதே கைபேசிக்குள்தான் இருக்கிறது.

பழைய கைபேசி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதை எடுத்துச் செல்லுங்கள். அது 4ஜி கருவியாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலேயே நிறுத்தப்பட்டது. 3ஜியை 2024இல் நிறுத்தத் தொடங்கினார்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பட்டன் கைபேசியைக் கொண்டுபோனவர் ஒருவர், அதில் நேரம் மட்டும்தான் பார்க்க முடிந்தது என்று திரும்பி வந்து சொன்னார்.

4. விழுந்த முதல் பத்து நிமிடங்கள்

கைபேசி இன்னும் உயிரோடு இருந்தால் அதை அணைக்கவும் வேண்டாம், மறுதொடக்கம் செய்யவும் வேண்டாம். மறுதொடக்கம் ஆன கைபேசி கைரேகையையோ முகத்தையோ ஏற்காது. கடவு எண்ணைத் தட்டினால்தான் திறக்கும். தொடுதிரை வேலை செய்யாத நிலையில் அந்த எண்ணைத் தட்ட வழியில்லாமல், நன்றாக இருக்கும் படங்களும் கோப்புகளும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்.

தண்ணீரில் விழுந்திருந்தால் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும்: உடனே அணையுங்கள், மின்னேற்றாதீர்கள், இணைப்பு முனை கீழ்நோக்கி இருக்குமாறு காற்றோட்டத்தில் வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. பல கைபேசிகளில் சிம் துளைக்குள் ஒரு சிறு பட்டை இருக்கும். ஈரம் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். ஆகவே தண்ணீரில் விழுந்ததை மறைத்து "கீழே விழுந்தது" என்று எழுதிக்கொடுத்தால், சேவை மையத்தில் அது நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

பின்மூடி புடைத்திருக்கிறதா, கருவி வழக்கத்துக்கு மாறாகச் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் மின்கலம் சேதமடைந்திருக்கலாம். மின்னேற்றாமல், அழுத்தாமல், தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு இந்த வழிகாட்டியின் 11ஆம் பகுதியை உடனே படியுங்கள்.

5. சிம்மை வெளியே எடுங்கள்

பிளாஸ்டிக் சிம் அட்டை என்றால் வேலை எளிது. சிம் தட்டைத் திறக்கும் ஊசி இல்லாவிட்டால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்திக்கொண்டால் போதும். அட்டையை மாற்றுக் கைபேசியில் போட்டு, ரோமிங் இணைப்பு வருகிறதா என்று பார்த்து, வேறொருவரிடம் சொல்லி உங்கள் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் செய்யுங்கள். அது வந்து சேர்ந்தால் ஓடிபியும் வரும் என்று கொள்ளலாம்.

இ-சிம் (அட்டையில்லாத மின்னணுச் சிம்) வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் கடினமானது. அந்தச் சிம் உடைந்த கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதை வேறு கருவிக்கு மாற்றும் முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, அதிலும் பழைய எண்ணுக்கே குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்ப்பது வழக்கம். வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்திய எண்ணைப் பிளாஸ்டிக் அட்டையிலும், சிங்கப்பூர் இணையத்தை இ-சிம்மிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மாற்றுக் கைபேசியில் வாட்ஸ்அப்பைப் பதியும்போது அவசரம் வேண்டாம். முந்தைய காப்பை (பேக்கப்) மீட்டெடுக்காமல் தாண்டிவிட்டு, அதே கூகுள் கணக்கில் புதிய காப்பு எடுத்தால், பழைய உரையாடல்கள் இருந்த காப்பு மேலெழுதப்பட்டுவிடும். கணினியில் ஏற்கெனவே வாட்ஸ்அப் இணைத்திருந்தால், முதன்மைக் கைபேசி பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் அது 14 நாட்கள் வரை வேலை செய்யும். குறுகிய பயணம் என்றால் அதையே வைத்து ஓட்டிவிடலாம்.

யூபிஐ செயலியை இரவல் கைபேசியில் பதிய வேண்டாம் என்பது என் கருத்து. பதிவுக்கு உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும், புதிய கருவியில் முதல் 24 மணி நேரத்துக்குத் தொகை வரம்பும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகு உங்கள் வங்கிக் கணக்கு இன்னொருவர் கருவியில் உட்கார்ந்திருக்கும்.

6. சான்றுகளை அன்றைக்கே திரட்டுங்கள்

உடைந்த கைபேசியைப் பல கோணங்களில் படமெடுங்கள்: முன்புறம், பின்புறம், நான்கு ஓரங்கள், சிம் தட்டு, திரை எரிகிறது என்றால் எரியும் நிலையில் ஒன்று. அது விழுந்த இடத்தையும் ஒரு படம் எடுங்கள். படங்களை மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற உட்தகவல்கள் நீங்கிவிடுகின்றன.

படமெடுத்த பிறகு திரைமேல் அகலமான ஒட்டு நாடா ஒட்டுங்கள். கண்ணாடிச் சில்லு விரலில் ஏறாமல் இருக்கும், விரிசலும் பரவாது. இது பழுதுபார்த்ததாகக் கருதப்படாது, ஆனால் நாடா ஒட்டியபின் எடுத்த படம் சான்றாகப் பயன்படாது என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

என்று, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி விழுந்தது, அப்போது யார் உடனிருந்தார்கள் என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதிவையுங்கள். கோரிக்கைப் படிவம், சேவை மைய அறிக்கை, காப்பீட்டாளரின் தொலைபேசி விசாரணை என்று ஒரே கதையை மூன்று இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பத்து நாள் கழித்து நினைவிலிருந்து சொல்லும்போது "படிக்கட்டு" ஓரிடத்தில் "நடைபாதை" ஆகிவிடுகிறது, அந்த ஒரு சொல் போதும் கோப்பை நிறுத்திவைக்க.

உடைந்ததற்குக் காவல்துறைப் புகார் பொதுவாகத் தேவையில்லை. திருட்டு என்றால் மட்டுமே அது கட்டாயம். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசியை முடக்கும் வசதி, தொலைந்தவற்றுக்கும் திருடுபோனவற்றுக்கும் ஆனது. உடைந்த கைபேசியை அதில் முடக்கினால், பழுது பார்த்து வந்த பிறகும் இந்திய வலையமைப்பில் அது இயங்காது. முடக்கத்தை நீக்க மறுபடியும் அலைய வேண்டும்.

7. காப்பீட்டாளருக்கு எழுதுங்கள், பதிலில் எண் வாங்குங்கள்

இந்த முழு வேலையிலும் தவறவிடக் கூடாத படி இது. ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட கெடு, நீங்கள் ஊர் திரும்பும் நாளிலிருந்து ஓடுவதில்லை. விபத்து நடந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. இந்திய நேரம் சிங்கப்பூரை விட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கே இரவாகிவிட்டாலும் இந்திய அலுவலகம் திறந்திருக்கலாம்.

தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். பாலிசி எண், ஐஎம்இஐ எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், எப்படி நடந்தது, இப்போது கருவி எந்த நிலையில் இருக்கிறது, எப்போது இந்தியா திரும்புகிறீர்கள், உங்களைத் தொடர்புகொள்ள வேண்டிய தற்காலிக எண்ணும் மின்னஞ்சலும் எவை என்பன அதில் இருக்க வேண்டும். தற்காலிக எண்ணை விட்டுவிடாதீர்கள். உடைந்த கைபேசியின் எண்ணுக்கே மூன்று முறை அழைத்துவிட்டு, "வாடிக்கையாளர் பதில் அளிக்கவில்லை" என்று கோப்பை மூடுவது நடக்கக்கூடிய ஒன்று.

கடிதத்தின் கடைசியில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். சிங்கப்பூரில் பழுதுபார்க்க அனுமதி உண்டா? உண்டென்றால் எந்த மையத்தில், எவ்வளவு தொகை வரை, எந்த நாணய மாற்று விகிதத்தில் திருப்பித் தரப்படும்? இல்லையென்றால், ஊர் திரும்பி எத்தனை நாட்களுக்குள் கருவியை ஒப்படைக்க வேண்டும்? இந்த மூன்றையும் ஒரே வாக்கியமாகக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும்தான் பதில் வரும்.

எனக்கு முதலில் வந்த பதில், "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற பொருளில் தானியங்கியாக அனுப்பப்பட்டது. அதைப் பழுதுபார்க்கக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போக இருந்தேன்; நல்லவேளையாக என் மைத்துனர் தடுத்தார். கோரிக்கை எண் கிடைப்பது என்பது நீங்கள் அறிவித்துவிட்டீர்கள் என்பதற்கான சான்று மட்டுமே. அனுமதி என்ற சொல்லோ தொகையோ இல்லாத எந்தப் பதிலும் அனுமதி ஆகாது.

"ஊருக்கு வந்த பிறகு உடைந்ததாகச் சொல்லிவிடுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் எப்போதும் ஒருவராவது இருப்பார்கள். நம்ப வேண்டாம். கடவுச்சீட்டில் பயண விவரம் இருக்கிறது, படங்களில் நேரம் இருக்கிறது, கைபேசி எப்போது கடைசியாக இயங்கியது என்ற பதிவு உங்கள் கணக்கில் இருக்கிறது. வெளிநாட்டில் உடைந்தது என்ற உண்மைக்காகக் கோரிக்கை மறுக்கப்படலாம், மறுக்கப்படாமலும் போகலாம். பொய் சொன்னதாகத் தெரிந்தால் பாலிசியே செல்லாததாகிவிடும்.

8. உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்

காப்பீடு கருவிக்குத்தான், அதிலுள்ள படங்களுக்கு அல்ல. சேவை மையம் மின்சுற்றுப் பலகையை மாற்றினாலோ வேறு கருவியைக் கொடுத்தாலோ உள்ளே இருந்தவை போய்விடும். ஆகவே கருவியை யாரிடம் கொடுப்பதற்கும் முன்பு இந்தப் படியை முடித்துவிடுங்கள்.

திரையில் படம் தெரிகிறது, தொடுதல் மட்டும் இல்லை என்றால், ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓடிஜி இணைப்பானும் (யூஎஸ்பி கருவியைக் கைபேசியில் செருக உதவுவது) சாதாரண யூஎஸ்பி சுட்டியும் (மவுஸ்) போதும். சுட்டியின் அம்பைக் கொண்டு கடவு எண்ணையே தட்டலாம். சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்திலோ முஸ்தபா கடையிலோ இவ்விரண்டும் கிடைக்கும். திரை முழுவதும் கறுத்துவிட்டது என்றால், சி வகை முனை வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் வசதி கொண்ட மாடல்களை மட்டும் எச்டிஎம்ஐ இணைப்பான் மூலம் தொலைக்காட்சியில் பார்க்க முடியும். விடுதி அறைத் தொலைக்காட்சி அதற்குப் போதுமானது.

கணினியில் இணைத்தவுடன் கோப்புகள் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கைபேசியின் பூட்டைத் திறந்து, கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்த பிறகுதான் அவை தெரியும். எதுவும் நடக்கவில்லை என்றால் அருகலை (வைஃபை) இணைப்பில், மின்னேற்றிய நிலையில் ஓர் இரவு விட்டுவையுங்கள். கூகுள் அல்லது ஐகிளவுட் காப்பு ஏற்கெனவே இயக்கப்பட்டிருந்தால் அது தானாகவே ஒரு முறை ஓடி முடிக்க வாய்ப்புண்டு.

9. எங்கே சரிசெய்வது என்று இப்போது முடிவு செய்யுங்கள்

எழுத்தில் அனுமதி வராத வரை, கருவியைத் தொடாமல் ஊருக்குக் கொண்டுபோவதே சரியான வழி. உடைந்த நிலையிலேயே பார்வையிட வேண்டும் என்பது காப்பீட்டாளரின் உரிமை. மாற்றிய திரையைக் காட்டி உடைந்த திரையை மெய்ப்பிக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதென்று அங்கீகாரமற்ற கடையில் மாற்றினால் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். ஐபோன்களின் அமைப்புப் பக்கத்தில் பாகங்களின் வரலாறு என்ற பகுதி இருக்கிறது. அசல் அல்லாத திரை போடப்பட்டிருந்தால் அது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

அனுமதி வந்துவிட்டது என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: திரை மாற்றச் சிங்கப்பூரில் 400 வெள்ளி, ஒரு வெள்ளி 68 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 27,200 ரூபாய். அதே வேலைக்கு இந்தியச் சேவை மையக் கட்டணம் 19,000 ரூபாய், நீங்களே ஏற்க வேண்டிய தொகை 1,000 ரூபாய் என்று கொள்வோம். இந்தியக் கட்டணம் வரை மட்டுமே தருவோம் என்று காப்பீட்டாளர் சொன்னால் 18,000 கிடைக்கும். 9,200 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஊரிலேயே சரிசெய்தால் 1,000 ரூபாயோடு முடிந்திருக்கும். இடைப்பட்ட நாட்களுக்கு 100 வெள்ளிக்கு ஓர் எளிய 4ஜி கைபேசி வாங்கினாலும் மொத்தம் 7,800 ரூபாய்தான், கையில் ஒரு கைபேசியும் மிஞ்சும்.

எனவே ஒரு மாதத்துக்குக் குறைவான தங்கல் என்றால் ஊருக்குக் கொண்டுபோங்கள். மூன்று மாதப் பணியில் முதல் வாரமே உடைந்தால் கதை வேறு. அப்போது அனுமதிக்காக விடாமல் எழுதுங்கள், கருவியை ஒப்படைக்கும் கெடுவை நீட்டித்தும் எழுத்தில் கேளுங்கள். பாலிசி முடியும் தேதியையும் பாருங்கள்: விபத்து பாலிசிக் காலத்துக்குள் நடந்து, உரிய நேரத்தில் அறிவித்திருந்தால், பழுதுபார்ப்பு அதன் பிறகு நடப்பது பொதுவாகத் தடையாகாது, ஆனாலும் அதை உறுதிசெய்யும் ஒரு வரிப் பதில் கையில் இருக்கட்டும்.

10. அங்கேயே சரிசெய்வதானாலும், புதிது வாங்குவதானாலும்

தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கு நேரே போகாமல், முதலில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் கைபேசிக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறுவதுண்டு. இந்திய மாடலுக்கான பாகம் அங்கே இருப்பில் இல்லாமல் போகலாம்.

ரசீதில் உங்கள் பெயர், ஐஎம்இஐ எண், மாற்றிய பாகம், பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக, மையத்தின் முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் முன் கொடுக்கப்படும் மதிப்பீட்டையும், சேத அறிக்கையையும் தனித் தாள்களாக வாங்குங்கள். கழற்றிய திரையைக் கேளுங்கள். தர மறுத்தால், அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கருவியையே மாற்றிக் கொடுத்தால் புதிய ஐஎம்இஐ எண்ணைக் காப்பீட்டாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் காலத்துக்குக் காப்பீடு இல்லாத கருவியைத்தான் வைத்திருப்பீர்கள்.

அட்டையில் பணம் கட்டுங்கள். அட்டைக் கணக்கில் ரூபாயில் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்ற வரி, மாற்று விகிதத்துக்கான மறுக்க முடியாத சான்றாகிவிடும்.

சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். பழுதுபார்ப்புச் சேவைக்குக் கட்டிய வரி சுற்றுலாப் பயணிக்குத் திரும்ப வராது. புதிய கைபேசி வாங்கினால், அந்தக் கடை வரித் திருப்பத் திட்டத்தில் இருந்து, தொகை 100 வெள்ளிக்குக் குறையாமல் இருந்து, வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் நாட்டை விட்டுப் புறப்பட்டால், சாங்கி விமான நிலையத்தில் விண்ணப்பிக்கலாம். செயலாக்கக் கட்டணம் கழிந்து மீதி வரும். வேலை அனுமதிச் சீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இது கிடையாது. ஊர் திரும்பும்போது இந்தியச் சுங்கத்தின் பயணப் பொதி விதிகள் பொருந்தும் என்பதால் ரசீதை எறிய வேண்டாம்.

வேறு நாட்டில் புதிது வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் தட்டே கிடையாது. உடைந்த கைபேசியிலிருந்து கழற்றிய இந்தியச் சிம் அட்டையைப் போட அதில் இடமில்லை.

11. விமானத்தில் கொண்டுவருவது

திரை மட்டும் உடைந்த, மின்கலம் நலமாக உள்ள கைபேசியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவருவதில் தடை இல்லை. 8ஆம் பகுதியை முடித்த பிறகு முழுமையாக அணைத்து வையுங்கள்.

மின்கலம் புடைத்தோ, துளைபட்டோ, சூடேறியோ இருந்தால் அதை எந்தப் பெட்டியிலும் வைத்து விமானத்தில் ஏற்றக் கூடாது. சேதமடைந்த லித்தியம் மின்கலங்களை வான்வழி எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. 2016இல் கேலக்ஸி நோட் 7 கைபேசியை அமெரிக்க விமானங்களில் முற்றாகத் தடைசெய்ததும் இந்த அச்சத்தால்தான். கூரியரில் அனுப்புவதும் வழியல்ல, அதுவும் விமானத்தில்தான் போகிறது. இப்படிப்பட்ட நிலையில், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மின்கலத்தைக் கழற்றி அறிக்கை வாங்குவதற்குக் காப்பீட்டாளரிடம் அவசர அனுமதி கேளுங்கள்; "விமானத்தில் ஏற்ற முடியாது" என்ற காரணத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

12. ஊர் திரும்பிய பிறகு

இறங்கிய மறுநாளே கருவியை ஒப்படையுங்கள். கோரிக்கைப் படிவம், ரசீது, சான்றிதழ், அடையாளச் சான்று, படங்கள் ஆகியவற்றோடு, கடவுச்சீட்டில் பயணம் தெரியும் பக்கத்தின் நகலும் விமானப் பயணச் சீட்டும் சேருங்கள். ஒப்படைத்ததற்கான வேலைச் சீட்டில் ஐஎம்இஐ எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

கைபேசியைத் தேடும் வசதியையும் கணக்குப் பூட்டையும் நீக்கச் சொல்வார்கள். நீக்காமல் பல மையங்கள் வேலையைத் தொடங்காது. கணினியிலிருந்தே இதைச் செய்யலாம். ஆனால் தொலைவிலிருந்து "அழி" என்ற பொத்தானை அழுத்துவது வேறு, கணக்கிலிருந்து "நீக்கு" என்பது வேறு. 8ஆம் பகுதியை முடிக்காதவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

சிம் அட்டையும் சேதமாகி மாற்றுச் சிம் வாங்க நேர்ந்தால், அது இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் வராது. சிம் மாற்று மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த ஏற்பாடு அது. ஆகவே ஓடிபி தேவைப்படும் கோரிக்கைப் பதிவுகளை முடித்த பிறகே மாற்றுச் சிம்முக்குப் போங்கள்.

13. மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின்படி என்றும் கேளுங்கள். விதி எண் இல்லாத மறுப்பை எதிர்த்து வாதாட முடியாது.

உங்களிடம் இருப்பது காப்பீடு என்றால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

இருப்பது பாதுகாப்புத் திட்டம் என்றால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டு, அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது, விபத்து நடந்த அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகல்.